ஜாக்கிரதை சார் சொத்தைக் காப்பாற்றிய விதம்

சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவ்வளவு அவதிப்பட்ட மனிதர் திருச்சி ஜில்லாவிலேயே வேறு யாரும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கன்டோன்மெண்டில் ஒரு வக்கீலிடம் நானும் அவரும் குமாஸ்தாக்கள். எதற்கெடுத்தாலும் "ஜாக்கிரதை, ஓய்!" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காவேரிப் பாலத்துச் சரிவில் சைக்கிளை விட்டு, கூடையோடு வந்த ஸ்ரீரங்கத்துப் பூக்கடைக்காரர் மேல் மோதி, அவர் வலது மணிக்கட்டை முறித்துவிட்டார்.

"நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போடுவான், ஓய். நான் தெருவில நிக்கப்போறேன்!"

அந்த வாரமே வீட்டை மனைவி பெயருக்கு எழுதி ரிஜிஸ்தர் செய்தார். பசு லால்குடி மைத்துனனுக்குப் போயிற்று. சைக்கிளை எனக்கு விற்றதாக ரசீது. எனக்கோ சைக்கிள் விடவே தெரியாது.

மறுநாள் காலை மாமி கூடத்தில் வந்து நின்றாளாம். "ஏன்னா, இந்த வீடு இப்போ என்னோடது. இந்தப் பழைய காகிதக் கட்டெல்லாம் இன்னிக்கே வெளியே போகணும்."

இருபது வருஷத்துக் காகிதம் போயிற்று. பசு இல்லாததால் காப்பியில் பால் போயிற்று. சைக்கிள் இல்லாததால் ஆபீசுக்கு நடை.

விஷயம் தெரிந்து வக்கீல் சிரித்தார். "கேஸுக்குப் பயந்து பெண்டாட்டிக்கு எழுதி வெச்சா செல்லுமாய்யா? ஜட்ஜ் ஒரே வரியில தள்ளிடுவார்!"

அன்று ஜாக்கிரதை சார் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஒரு மாதமாகியும் நோட்டீஸ் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அந்தப் பூக்கடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவர் சாட்சாத் ஜாக்கிரதை சார்! கேஸ் கட்டுக்குப் போடும் அதே முடிச்சு. பக்கத்தில் கையில் கட்டோடு கடைக்காரர்.

"கேஸ் போடப் போறீங்களா?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"கேஸா? யார் மேலங்க? அடிபட்ட மறுநாள்லேருந்து சாமி விடியக்காலையில வந்து கட்டித் தராரு. என்ன, கட்டத்தான் தெரியல."

ஜாக்கிரதை சாரைத் தனியே இழுத்தேன். "இவருக்கு ஒண்ணும் குடுக்கப்படாதுன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டு, இங்கே வந்து உழைக்கிறீரே?"

"கோர்ட்டு வாங்கிக் குடுத்தா அது டிக்ரி, ஓய். நானா செஞ்சா அது என் இஷ்டம். வெளியில சொல்லாதேயும்."

மணிக்கட்டு கூடிற்று. கேஸ் வரவேயில்லை. வீடு மட்டும் மாமி பெயரிலேயே நின்றுவிட்டது.

அவர் அங்கே உட்கார்ந்திருந்த வரை நானும் அந்தக் கடையில்தான் பூ வாங்கினேன். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.