மேலிருந்து பார்த்தால் சுத்தமான தெரு

1957-ஆம் வருஷம் அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பூமியிலேயே மிகச் சுத்தமாக இருந்த தெரு எது என்று உங்களுக்குத் தெரியுமா? மாஸ்கோவில் இல்லை, லண்டனிலும் இல்லை. திருவண்ணாமலையில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் தெருதான் அது. 'மேலிருந்து பார்த்தால்' என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெருமை முழுவதும் எங்கள் 'தெரு நற்றோற்ற சபை'யைச் சேரும். அதன் செயலாளர் நான். தெற்கே இருந்து மண்டியில் ரைட்டர் வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமையானால் பேச ஆள் கிடையாது. சபையில் ஞாயிறுதோறும் கூட்டம் உண்டு, கூடவே சுண்டலும் உண்டு. சேர்ந்துவிட்டேன்.

அன்று மெட்ராஸ் பேப்பர் வந்ததும் சபைத் தலைவர் கோதண்டராமன் அவசரக் கூட்டம் போட்டார். அவர் ரிட்டயர்டு தாசில்தார். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகியும் அந்தச் செய்தி மட்டும் அவருக்கு எட்டவில்லை. மற்ற செய்திகளில் உஷாரானவர்.

அன்றைய செய்தி இதுதான். ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் ஒரு இரும்பு உருண்டையை விட்டிருக்கிறான். அது ஒரு மணி முப்பத்தாறு நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. 'பீப் பீப்' என்று சத்தம் போடுகிறது.

"எதுக்குச் சுத்துது?" என்றார் தலைவர்.

"அதைச் சரியாப் போடலைங்க."

"போடணுமா? பௌர்ணமிக்கு எட்டு மைல் மலையைச் சுத்தறோமே, கண்ண மூடிக்கினா சுத்தறோம்? சுத்தறவன் பாக்கத்தான் சுத்தறான். அது நம்மளப் பாக்குது ரைட்டரே."

வேறு ஊராயிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் சுற்றுவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உபதலைவர் சாம்பமூர்த்தி குருக்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"வலமா சுத்தறதா, இடமா சுத்தறதா?"

"மேற்கேயிருந்து கிழக்கே போகுதுங்க."

"அப்பிரதட்சிணம். ரொம்ப நாள் நிக்காது."

மூன்று மாசத்தில் அது எரிந்து விழுந்தது. விஞ்ஞானிகள் வேறு காரணம் சொன்னார்கள்.

தெருவின் 'மேல்தோற்ற'த்தை மாலைக்குள் சீர்செய்வது என்று தீர்மானம் நிறைவேறிக்கொண்டிருந்தபோது திரௌபதி அம்மாள் வந்து நின்றார். பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கிறவர். அவருடைய புருஷன் கண்ணாயிரம் பூ கட்டுகிறவர். இரண்டு வருஷமாகக் கண் தெரியாது. அவர்கள் வாசலை ஒட்டி இடுப்பளவு ஆழத்தில் சாக்கடை ஓடுகிறது. கண்ணாயிரம் தினமும் கம்பால் தட்டிப் பார்ப்பார். கம்பு நின்றால் தரை, உள்ளே போனால் சாக்கடை, ஒரே எட்டில் தாண்டிவிடுவார். ஆனால் ஐப்பசி மழையில் சாக்கடை ஓரம் கரையும். அதற்குள் மேலே கல் போட்டுத் தரச் சொல்லி அந்த அம்மாள் பதினோரு மனு கொடுத்திருந்தார். பதினொன்றும் என்னிடம் பத்திரமாக இருந்தன.

"கல்லு வந்துடுச்சாமேங்க" என்றார்.

"வந்துடுச்சு. நாலு கடப்பைக்கல்லு. சபை பேரை எழுதிக்கினு இருக்காங்க" என்றார் தலைவர்.

"சாக்கடைக் கல்லுக்கு எதுக்குங்க பேரு?"

"சாக்கடைக்கு இல்லம்மா. சபை வாசல்ல மல்லாக்கப் போடறோம். மேலர்ந்து படிக்கணும் இல்ல?"

"ரஷ்யாக்காரனுக்குத் தமிழ் தெரியாதுங்களே" என்றேன் நான்.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை வரான். கத்துக்குவான்."

திரௌபதி அம்மாள் தலைவரையே பார்த்தார். "மேலர்ந்து பாக்கறதுன்னா, தோ அண்ணாமலையாரு மலையா நின்னு தெனம் பாத்துக்கினுதானே கீறாரு. அவருகிட்ட வராத வெக்கம் இப்ப மட்டும் இன்னாங்க?"

"அவரு நம்மூர்க்காரரு. அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு."

தலைமுறை தலைமுறையாகச் சாமியைப் பக்கத்தில் இருந்து பார்த்த குடும்பம் என்பதால் குருக்கள் இதை ஆமோதித்தார்.

மத்தியானம் வேலை தொடங்கியது. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எருமைகளுக்கு முதுகு மட்டும் கழுவப்பட்டது. வயிறு சபையின் அதிகார எல்லைக்குள் வரவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த கோவணங்கள் இறக்கப்பட்டன. குப்பைமேடுகளுக்குப் பச்சை ஓலை போர்த்தப்பட்டது. தலைவர், தம் தலையையும் உத்தேசித்து, வழுக்கையுள்ளவர்கள் துண்டு கட்டிக்கொள்ள உத்தரவிட்டார். கடைசியாகச் சாக்கடை. குறுக்கே மூங்கில் பிளாச்சு, அதன்மேல் தென்னங்கீற்று, அதன்மேல் செம்மண். நாற்றம் அப்படியே இருந்தது. நாற்றம் மேலே தெரியாது.

தம் வாசலுக்கு வந்த கீற்றைத் திரௌபதி அம்மாள் பிடித்து இழுத்துப் போட்டார். "எங்க வூட்டாண்ட மட்டும் வோணாங்க. கம்பு உள்ள போனாத்தான் அவருக்கு சாக்கடைன்னு தெரியும்."

உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த கண்ணாயிரம் என் குரலைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "ரைட்டரே, அந்த உருண்டைக்குக் கண்ணு கீதா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன் அண்ணே."

"அப்ப அது நம்ம ஆளு. அதான் பீப் பீப்னு தட்டிக்கினே போவுது."

அந்த ஊரில் என்னோடு சிரித்துப் பேசிய ஒரே மனிதர் அவர். 'மனிதாபிமான அடிப்படையில் ஆறடி விலக்கு' என்று சபையின் மினிட் புத்தகத்தில் எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தலைவர், குருக்கள், நான் மூவரும் பைனாகுலரோடு மலையில் கொஞ்ச தூரம் ஏறினோம். ரஷ்யாக்காரன் பார்ப்பதற்கு முன் நாம் ஒரு தடவை பார்ப்பது முறையல்லவா? தெரு அற்புதமாக இருந்தது. செம்மண் கம்பளம் விரித்தாற்போல. நடுவில் மட்டும் ஆறடிக்குக் கறுப்பாக ஒரு பொத்தல்.

"ஊர் மானமே அதுவழியாப் போவுது" என்றார் தலைவர். "காலைல நாலரைக்கு அந்தம்மா இட்லி அண்டாவோட கிளம்பிடும். அப்புறம் மூடிடச் சொல்லுங்க."

"கண்ணாயிரம் அண்ணனுக்குச் சொல்லணுங்களே."

"சர்குலர் ஒட்டுங்க."

"அவரால படிக்க முடியாதுங்களே."

"ஒட்டறது சபையோட கடமை. படிக்கறது அவங்கவங்க பொறுப்பு."

அங்கேயே, மலைமேலேயே, ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றாவது கை என்னுடையது. உயர்த்தாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவேன்? 'ஒருமனதாக' என்று எழுதினேன். சர்குலரையும் நானே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். விடியற்காலை, அந்த அம்மாள் தெருமுனை திரும்பிய பிறகு, அதை அவர்கள் கதவில் நேராக ஒட்டினேன். ஆட்கள் கீற்றைப் போட்டார்கள். உள்ளே கண்ணாயிரம் இருமிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டவில்லை. தீர்மானத்தில் அது இல்லை.

அன்று காலை ஆறு மணிக்குக் கண்ணாயிரம் பூக்கடைக்குக் கிளம்பினார். கம்பால் தட்டினார். கம்பு நின்றது. கால் வைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. அவரை வெளியே தூக்குவதற்காகப் பிய்த்த கீற்றுக்குப் பதிலாக, ஏழு மணிக்குள் புதுக் கீற்று போட்டு மூடினோம்.