இருபது மீட்டர்

நோலீன் ட்ரான்டர் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்ப் புல்டோசருக்கு முன்னால் நின்றபோது, ஓடைக்கரையில் மூன்று மரங்கள் ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

“நிறுத்துங்க! அந்தப் பெரிய யூகலிப்டஸ்ல கறுப்புக் காக்கட்டூ கிளி குஞ்சு பொரிச்சிருக்கு!”

நிலத்துக்காரர் ரோவன் கெட்டில் தொப்பியைக் கழற்றியபடி வந்தார். அங்கே அறுபது வீடு கட்டப்போகிறவர்.

“என் நிலம்தான். ஆனாலும் நீங்க சொல்றது நியாயம் நோலீன். கவுன்சில்ல ஒரு விதி கேளுங்களேன். அது வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன். போதுமா?”

இப்படிப்பட்டவரையா திட்ட வந்தோம் என்று நோலீனுக்கு வெட்கமாகிவிட்டது.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சட்டம் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டார்: ஓடையின் இரு கரையிலும் ஐம்பது மீட்டருக்குள் மரம் வெட்டவோ கட்டடம் கட்டவோ கூடாது.

கவுன்சில் கூட்டத்தில், டூரிஸ்டுகள் வண்டியோடு வந்து தங்கும் கேரவன் பூங்காவை நடத்துபவர் எழுந்தார். “ஐம்பதா? என் குளியலறை பூரா உள்ள வருதே! டூரிஸ்ட் என்ன, ஓடையிலயா குளிப்பான்?”

சரி, நாற்பது என்றார் நோலீன்.

மறுநாள் பௌல்ஸ் கிளப் கிழவர்கள் வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் பந்து உருட்டி விளையாடும் புல்தரையும் அதன் கொட்டகையும் முப்பத்தெட்டாவது மீட்டரில் இருந்தன.

முப்பது ஆக்கினார். அன்று சாயங்காலம் நாடாவை எடுத்துப்போய் அளந்து பார்த்தார். காக்கட்டூ மரம் முப்பத்தாறாவது மீட்டரில் நின்றது. பட்டையில் கை வைத்து, “உன்னை விட்டுட்டேன். மன்னிச்சுக்க” என்றார். மேலே குஞ்சு இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கரை வளையில் இருக்கும், வாத்து மூக்குக்கொண்ட பிளாட்டிபஸாவது பிழைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் கணவர் மெர்வ் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“நோலீ, நம்ம மீன்பிடி ஷெட் இருக்கில்ல…”

“அதுக்கென்ன?”

“இருபத்திரண்டுல இருக்கு.”

“அனுமதி வாங்கித்தானே கட்டினே?”

மெர்வ் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார்.

“அடப்பாவி! ஊரையெல்லாம் சமாளிச்சேன். கட்டினவனே கழுத்தறுக்கிறியே!”

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நோலீன் முப்பதை அடித்து இருபது என்று எழுதினார்.

கடைசிக் கூட்டத்தில் அவருக்காக முதலில் எழுந்து பேசியவர் ரோவன்தான்.

“நோலீன் மாதிரி ஒருத்தர் எல்லா ஊருக்கும் வேணும். இருபது மீட்டரை நான் முழு மனசோட ஆதரிக்கிறேன்.”

ஒன்பது உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். வெளியே சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நோலீன் பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்த மீட்டர்களையே நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்கலாமோ? ஆனாலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது மீட்டராவது வந்ததே.

திங்கட்கிழமை விதியின் முத்திரையிட்ட நகல் வாங்கக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெவர்லி ஒரு பழுப்பேறிய தாளின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அடிக்கிறே பெவர்லி?”

“புதுசு வந்தா பழசு ரத்துதானே. தொண்ணூத்தொண்ணுல போட்ட விதி இது. ரெண்டு கரையிலும் நூறு மீட்டருக்கு ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாதுன்னு இருக்கு. போன கோடையிலகூட ரோவன் வந்து ஒரு நகல் வாங்கிட்டுப் போனாரே, உங்ககிட்ட சொல்லலையா?”