முதல் பதிப்பு தீர்ந்துபோன சாயங்காலம்

எண்ணத் தெரிந்தவனுக்குக் கணக்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாது என்பதற்கு நானே சாட்சி. முப்பத்து நான்கு வருடம் அரசு வேலையில் இருந்து, இந்த மாவட்டத்துக் கிணறுகளையும் ஆடுமாடுகளையும் எண்ணி எண்ணி மேலிடத்துக்கு அனுப்பியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன் (என் மனைவி சரோஜா இதைத் தன்மேல் உள்ள சந்தேகம் என்று எடுத்துக்கொள்வாள்). அப்படிப்பட்டவன் ஒரு பௌர்ணமிக்காகப் போட்ட ஒரே ஒரு கணக்கு தப்பிப்போய், ஊர் சிரித்தது. வீடு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு நாவல் எழுதியிருந்தேன். கிராமத்துக்குக் கிணறு எண்ணப் போகும் ஓர் அலுவலர், ஒவ்வொரு முறை எண்ணும்போதும் ஒரு கிணறு கூடுதலாக வருவதைக் கண்டு திகைக்கிறார் என்பது கதை. வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் மட்டும், கையெழுத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் உள்ள பதிப்பகங்களுக்கு அனுப்பி, முப்பத்தோரு முறை திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்த மறுநாள் தபால் நிலையம் திறக்கும்போது, வேறு விலாசம் எழுதிய உறையோடு நான் வாசலில் நிற்பேன். எனக்கு நம்பிக்கை தளர்ந்ததே இல்லை. தளர்ந்ததெல்லாம் உறைகள்தான்.

ஒருமுறை இரண்டு பக்கம் குறைந்து வந்தது. அவற்றுக்குப் பதிலாக யாரோ ஒரு அம்மையார் எழுதிய ரசவகைகள் இரண்டு பக்கம் இருந்தன. ஒரு வாரம் கொதித்தேன் (ரசம் அல்ல, நான்). தொலைந்த பக்கங்களைத் திரும்ப எழுதி, அன்று முதல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர், பக்க எண், கைப்பேசி எண் மூன்றையும் எழுதி வைத்தேன். ஆனால் ஜெராக்ஸ் மட்டும் எடுக்கவில்லை. கடைக்காரர் ஒரு பிரதியைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சித் தொடருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது?

"உங்க கெணத்த யாருப்பா திருடப் போறாங்க" என்றாள் என் மகள் மஞ்சுளா.

அந்த மஞ்சுளாதான் ஒருநாள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பா, உங்க ஆளு நம்ம ஊருக்கு வர்றாரு."

சென்னையின் பெரிய பதிப்பாளர் ஒருவர். என் நாவலைத் திருப்பி அனுப்பாத ஒரே மனிதர். காரணம், புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தபாலில் வாங்குவதில்லை என்று அறிவித்திருந்ததால் நான் அனுப்பவே இல்லை. கறுப்புக் கயிற்றில் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வெள்ளைத் தாடி. 'இந்தப் பௌர்ணமிக்கு அண்ணாமலையில். சாயங்காலம் நாலு மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து நடை' என்று எழுதியிருந்தார்.

தபாலில்தானே வாங்கமாட்டார்? கையில் கொடுத்தால்?

உடனே கணக்குப் போட்டேன். என் முழங்காலோடு நான் அவருக்குப் பின்னால் நடந்தால் ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. ஆனால் வேங்கிக்காலில் உள்ள என் வீட்டிலிருந்து வந்து, கிரிவலப் பாதையின் முடிவுப் பக்கத்தில் சேர்ந்து, எதிர்த்திசையில் நடந்தால்? அவர் என்னை நோக்கி வருவார், நான் அவரை நோக்கிப் போவேன். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருவரும் சந்தித்தே ஆகவேண்டும். காகிதத்தில் இரண்டு அம்புக்குறிகள் போட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். என் திட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும்.

அதுவரை நூற்று எண்பத்தெட்டு முறை மலையைச் சுற்றியவன் நான். எல்லாரையும் போல மலையை வலப்பக்கம் வைத்துத்தான். இடப்பக்கம் வைத்து நடப்பவன் எப்படி நடத்தப்படுவான் என்பது எனக்கு நூறு அடியில் தெரிந்துவிட்டது.

"பெரியவரே, ரூட்டு மாறி வர்றிங்க."

"தெரியும்ங்க. ஒருத்தரப் பாக்கணும்."

"அண்ணாமலையாரப் பாக்க வந்துட்டு, வேற யாரப் பாக்கணும் உங்களுக்கு?"

கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நடந்தேன். இன்னும் கொஞ்ச தூரத்தில், இடுப்பில் பேத்தியைச் சுமந்து வந்த ஓர் அம்மாள் என்னை நிறுத்தியே விட்டாள்.

"இன்னா சாமி, இப்படி எதுக்கால வர்ற? சுத்துன புண்ணியமெல்லாம் கழிஞ்சிடும்."

"ஒண்ணுதாம்மா கழியும்? எல்லாமா?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நூற்று எண்பத்தேழு ஆகுமா, அல்லது மொத்தமும் பூஜ்யத்துக்கு வந்துவிடுமா?

"அத அவருகிட்ட கேளு" என்று மலையைக் காட்டிவிட்டுப் போனாள்.

திரும்பிவிடலாமா என்று நின்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருடமாக இந்தப் பாதையில் நான் பார்த்ததெல்லாம் முதுகுகள். வேர்வையில் நனைந்த சட்டைகள், கசங்கிய பூச்சரங்கள், தோளில் தூங்கும் குழந்தைகளின் பிடரி. அன்று முதன்முறையாக முகங்கள் என்னை நோக்கி வந்தன. நெற்றி நிறைய விபூதி, உலர்ந்த உதடு, எங்கோ பார்க்கும் கண். கால் நொந்தவர்கள், கடன்பட்டவர்கள், பிள்ளைக்கு வேலை வேண்டியவர்கள், ஒன்றும் வேண்டாதவர்கள். சாலை முழுக்க, வளைவு தாண்டி, அதற்கும் அப்பால் முகம், முகம், முகம். அந்தப் பக்கம் மலை கறுத்துக்கொண்டு வந்தது. நான் எண்ணத் தொடங்கி, நாற்பதோ ஐம்பதோ வந்ததும் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் எண்ணுவதைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் என்னைத் தள்ளித் தள்ளி, அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் ஓர் அன்னதானப் பந்தலின் ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டியது. ஒரு பக்கம் புளிசாதம், ஒரு பக்கம் மோர், நடுவே ஒருவர் பதிகம் அச்சிட்ட தாள்களை வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். காவித் துண்டைத் தலையில் கட்டிய பெரிய உடம்புக்காரர் ஒருவர்தான் பந்தலுக்குப் பொறுப்பு போலிருந்தது. யாரோ வாங்கிய மோர், நாவல் இருந்த என் மஞ்சள் பைமேல் கொட்டியது.

பதறிப் போனேன். நாவலை வெளியே எடுத்தேன். முதல் பக்கத்தின் ஓரம் நனைந்திருந்தது. கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, அந்தத் தாளை மட்டும் உருவி, காற்றில் ஆட்டினேன். இருநூற்றுப் பதினொரு பக்கம் இடக்கையில், முதல் பக்கம் நீட்டிய வலக்கையில்.

ஒரு பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அரோகரா" என்று சொல்லி நடந்துவிட்டாள்.

"அம்மா, அது என் நாவல்மா" என்றேன். அதற்குள் அவள் இடத்தில் வேறு ஒரு கை.

"எனக்கு ஒண்ணு குடுங்க சாமி."

"இது பதிகம் இல்லீங்க. கதை."

"இருக்கட்டும், சாமி கததானே. வீட்டுல ரெண்டு பேரு, ரெண்டா குடுங்க."

கிரிவலப் பாதையில் ஒருவன் தாள் கட்டோடு நின்றால் அவன் எதற்காக நிற்கிறான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. கைகள் பெருகின. நான் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த காவித் துண்டுக்காரர், வயதானவன் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறுவதாக நினைத்து, அன்போடு வந்தார்.

"நீங்க ஏன் சாமி கஷ்டப்படுறிங்க? இப்படிக் குடுங்க."

"ஐயா, குடுக்கக் கூடாதுங்க. இது ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணா? இவ்ளோ இருக்குதே" என்று கட்டை வாங்கிக்கொண்டார். "எல்லாம் லைன்ல வாங்க. ஆளுக்கு ஒண்ணு. ஜாஸ்தி கேக்காதிங்க."

அவருக்கு நல்ல பழக்கப்பட்ட கை. எச்சில் தொட்டுத் தாள் பிரித்து, ஒன்று போனதும் அடுத்தது. நான் கத்தினேன். ஒவ்வொரு முறையும் என் குரலைவிட ஒரு "அரோகரா" உயரமாக எழுந்தது. பிறகு கத்துவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தோரு அலுவலகங்களில் படிக்காமலே திரும்பிய தாள்கள் அவை. இங்கே ஒவ்வொன்றையும் இரண்டு கையால் வாங்கினார்கள். கண்ணில் ஒற்றினார்கள். ஒரு கிழவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் வாங்கினார். வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டு மெலிந்து நாலைந்து தாளாகியிருக்கும். கூட்டத்தில் ஒரு வெள்ளைத் தாடி. மார்பில் கறுப்புக் கயிற்றில் ஆடும் கண்ணாடி.

அவரேதான். கையை நீட்டினார். காவித் துண்டுக்காரர் ஒரு பக்கத்தைக் கொடுத்தார். பதிப்பாளர் அதைக் கண்ணில் ஒற்றி, படிக்காமல் நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் சொல்வதற்காக ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிய வாசகங்கள் ஆறு. ஒன்றாவது வரவேண்டுமே.

அவர் என்னைப் பார்த்தார். "சாமி, தண்ணி எங்க குடுக்குறாங்க?"

நான் கையைக் காட்டினேன். "முன்னாடி இருக்குதுங்க."

கும்பிட்டுவிட்டு நடந்தார். அவ்வளவுதான் தமிழ்ப் பதிப்புலகத்தோடு எனக்கு நடந்த நேரடிப் பேச்சுவார்த்தை.

காவித் துண்டுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் முடிஞ்சுதுங்க சாமி. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துனு வாங்க. கம்மியாப் போச்சு." ஒரு தொன்னையில் புளிசாதமும் கொடுத்தார். சாப்பிட்டேன். மலையின் தோளுக்கு மேலே நிலா ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என் நாவலை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது சரோஜா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, எல்லாரும் சுத்தித்தானே வர்றாங்க. ஒரே எடத்துல நின்னிருந்தா அவரே வந்திருப்பாரு இல்ல?"

இரண்டு அம்புக்குறி போட்டவனுக்கு இது தோன்றவில்லை. மஞ்சுளா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அன்றிரவு படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசி அடித்தது. செய்யாறு பக்கத்திலிருந்து ஒருவர். தாளைப் பூஜை அறையில் வைத்திருப்பதாகவும், தினம் எத்தனை முறை படிக்கவேண்டும் என்றும் கேட்டார். அவருக்குக் கிடைத்தது, மாடு எண்ணப் போன இடத்தில் இரண்டு பங்காளிகள் திட்டிக்கொள்ளும் பக்கம். ஒருமுறை போதும் என்று சொன்னேன். பிறகு இன்னும் சிலர். அதன் பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து, தையல் கடை வைத்திருக்கும் அம்சவேணி என்ற பெண்.

"சார், அறுபத்து மூணாம் பக்கம் எங்கிட்ட இருக்குது. அந்த ஆபீசரு கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குறாரு. அதோட நின்னுபோச்சு. உள்ள இன்னா இருந்துச்சு?"

என்ன எழுதினேன் என்பது வரி வரியாக நினைவில் இல்லை. "உள்ள தண்ணி இல்லம்மா, வறண்டு கிடக்கு" என்று தோராயமாகச் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல சார். அது சரியா வரல. வேற இன்னாவோ இருக்கணும். யோசிச்சு சொல்லுங்க."

என் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர் மேலே கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றே அறுபத்து நான்காம் பக்கத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். முடித்தபின் முதல் பக்கத்துக்குப் போனேன். ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே பந்தலோரம் நின்று (நடக்காமல், நின்று), புதிதாக எழுதியதை அம்சவேணிக்குக் கொடுத்தேன். அடுத்த பௌர்ணமிக்கு வந்து, எங்கே சரியாக வரவில்லை என்று சொல்லுவாள். இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறேன். கடைக்காரர் இதுவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

யாராவது உறவினர் வந்து, "புத்தகம் வந்துடுச்சா?" என்று கேட்டால் சரோஜா முகம் மாறாமல் சொல்வாள்: "மொத பதிப்பு ஒரே சாயங்காலத்துல தீந்துபோச்சு. ரெண்டாவதுக்குத்தான் அலையறாரு." தபால்காரர் பார்சலோடு வந்தால், "ஏங்க, உங்க நாவல் மறுபடியும் எதிர்க் கிரிவலம் வந்துடுச்சு" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

போன வாரமும் வந்தது. புதிய பிரதி, புதிய பதிப்பகம், அதே மரியாதையான மறுப்பு. வழக்கம்போலப் பக்கங்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன். ஒன்று குறைந்தது. அறுபத்து மூன்றாம் பக்கம் இல்லை. பதிலுக்கு ரசமும் இல்லை.

முன்பென்றால் ஒரு வாரம் கொதித்திருப்பேன். இப்போது அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒரு பக்கம் காணோம்."

அவள் புது உறையையும் பசையையும் என் முன்னால் வைத்தாள்.

"அங்கயும் யாரோ லைன்ல வந்து வாங்கிட்டாங்க போல" என்றாள்.