ஏசி அறையில் வேப்பம்பலகை

படீர்!

ஷார்ஜா மொட்டை மாடியில், ஓர் ஆகஸ்ட் மத்தியானம் கேட்ட அந்தச் சத்தம் இத்தனை வருஷம் கழித்தும் ரெங்கராஜின் காதில் இருக்கிறது. வெயிலில் காய வைத்த வேப்பம்பலகை பிளந்த சத்தம்.

ரெங்கராஜ் மரவேலை ஃபோர்மேன். வில்லா ஒன்றில் வெட்டிய பச்சை மரத்தை அரபி சும்மா கொடுத்திருந்தார். மனைவி நாகவள்ளி ஆசைப்பட்டதோ துபாய் தேராவில் காதர் மைதீன் கடை இரும்புக் கட்டிலுக்கு. ஆசாரி வீட்டில் இரும்புக் கட்டிலா? தன் கையால் செய்த மரக்கட்டிலில்தான் பெண்டாட்டி படுக்க வேண்டும் என்று சபதமே போட்டுவிட்டார்.

"வெயில்ல மேல்பக்கம் சட்டுனு காஞ்சுடுது. உள்ள ஈரம் அப்படியே நிக்குது. அதான் வெடிக்குது."

"நான் வெடிக்கிறதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க."

வழி, ஏசி. பிளக்காத பலகைகள் வீட்டிலிருந்த ஒரே ஏசி அறைக்குக் குடிபோயின. காற்று ஓட இடையிடையே சின்னக் கட்டைகள். வெட்டு முனைகளில் மெழுகு. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில், அனல் வீசும் ஃபேனுக்கு அடியில்.

"மரத்துக்கு ஏசி, எனக்கு அடுப்பு. பேசாம அதுக்கே தாலி கட்டியிருக்கலாம்!"

"மெதுவா காஞ்சாத்தான் வளையாது வள்ளி."

"எத்தனை நாளைக்கு?"

அவர் அதே மரத்தில் அறுத்த மாதிரிக் கட்டை ஒன்றைக் காட்டினார். "வெள்ளிக்கு வெள்ளி இதை நிறுப்பேன். மூணு வாரம் எடை குறையாம நின்னா காஞ்சாச்சு. கலாஸ், முடிஞ்சுது."

"தூசி படியுமே, பிளாஸ்டிக் சுத்தி வைக்கட்டா?"

"அறிவிருக்கா? சுத்தினா ஈரம் எங்க போகும்? வருஷமானாலும் எடை அப்படியேதான் நிக்கும். யாரும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை தவிர நானே தொடமாட்டேன்."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு கவனமாக அவர் பேச்சைக் கேட்டதில்லை. ரெங்கராஜுக்கு மனசு குளிர்ந்தது. அந்த மாசம் அவரிடம் குளிர்ந்தது அது ஒன்றுதான்.

முதல் வெள்ளி, ஆயிரத்து எண்ணூறு கிராம். அடுத்த வெள்ளியும் அதே. அதற்கடுத்த இரண்டு வெள்ளியும் முள் அசையவில்லை. "பாத்தியா, சயின்ஸ்!" என்று குதித்தார். இரண்டே வாரத்தில் கட்டில் தயார். நாகவள்ளி ஏசி அறைக்குத் திரும்பினாள்.

டிசம்பருக்குள் பலகைகள் வளைந்தன. மூட்டுகள் இளித்தன. ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணி தின்றுவிட்டு ரெங்கராஜ் சாய்ந்ததும் கட்டில் அவரோடு தரைக்கு வந்தது.

"எடை நின்னுச்சே! மூணு வாரம் நின்னுச்சே வள்ளி!"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "நிக்காம என்ன செய்யும்? நீங்க நிறுத்து வச்சதும் அந்த மாதிரிக் கட்டையில சப்பாத்தி சுத்துற பிளாஸ்டிக்கை நாலு சுத்து சுத்திடுவேன். அடுத்த வெள்ளி காலையில நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள பிரிச்சுடுவேன்."

"அடிப்பாவி! யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான்."

"இப்ப எதுல படுக்கிறது?"

"நாளைக்கு இரும்புக் கட்டில் வருது. நீங்க மரத்துக்கு ஏசி போட்ட அன்னைக்கே காதர் மைதீன் அண்ணன்கிட்ட சொல்லி வச்சுட்டேன்."

மறு வருஷம் ரெங்கராஜ் மரவேலையை விட்டார். இப்போது காதர் மைதீன் கடையில் இரும்புக் கட்டில் விற்கிறார்.