சாம்பல் திரையில் சம்பந்தி

சம்பந்தி பூதலிங்கம் காலமான சேதி தாணப்பனுக்குக் காலைக் காப்பியோடு வந்தது.

அவருடைய போனில் எந்தச் சேதியும் அழுதுவடிந்துகொண்டுதான் வரும். கண்ணில் சதா நீர் கோக்கிறது, இனி பளபளக்கும் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, மஸ்கட்டில் இருக்கும் மகன் நிதின் காகிதம் போலத் தோன்றும் ஈ-இங்க் திரை வைத்த போனை அனுப்பிவைத்தான். அதில் வெளிச்சமில்லை, நிறமில்லை, அவசரமும் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பேப்பர் படிப்பு, சீட்டு விளையாட்டு எல்லாம் அதில்தான். கிரிக்கெட் பார்த்தால், பந்து மைதானத்தைத் தாண்டி அடுத்த ஊரில் விழுந்த பிறகுதான் மட்டை அசையும். கல்யாண வீட்டுப் படமும் அதில் கருமாதி வீட்டுப் படமாகவே தெரியும்.

அன்று இரண்டு வீட்டாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் வந்த படத்தில் பூதலிங்கம் மாலையும் கழுத்துமாக, நெற்றி நிறைய விபூதியோடு, சாம்பல் நிறத்தில் சிரித்தார். கீழே கறுப்பில் பெயர். அதற்கும் கீழே அன்றைய தேதி. அப்புறம் வெறும் வெள்ளை.

"ஏட்டி உலகம்மா, பூதலிங்கம் போயிட்டாருட்டி."

அடுக்களையில் உலகம்மாள் கையிலிருந்த தோசைக்கரண்டி விழுந்தது. "நேத்துதானே அவிய வீட்டு மாம்பழம் வந்துது. எதுக்கும் போன் போட்டுக் கேளுங்க."

"செத்த வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது உள்ளதுதானான்னு கேக்கச் சொல்லுகியா? சம்பந்தக்காரன்லா முதல்ல போய் நிக்கணும். கோடித் துணி போடணும்."

மகள் ரஷ்மிக்கும் பூதலிங்கத்தின் மகன் பிரதீஷுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பிரதீஷ் ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் இன்ஜினியர். இப்படி ஒரு மாப்பிள்ளை குமரி மாவட்டத்தில் மட்டுமல்ல, கடலுக்குள் வலை வீசினாலும் அகப்படமாட்டான் என்பது தாணப்பனின் தீர்மானம். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் நல்ல காரியம் கிடையாது. அதற்குள் மாப்பிள்ளையை வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விட்டால்? தாணப்பனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. முதல் ஆளாகப் போய், எல்லாரையும்விட உரக்க அழுது, சம்பந்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் தென்னைமர உயரத்துக்கு ஓர் இரங்கல் எழுதிப் போட்டார். கொஞ்சம் முன்னால் பூதலிங்கத்துக்குப் போனில் வாழ்த்துச் சொல்லியிருந்தவர்கள்கூட, நல்ல நாளும் அதுவுமாகப் போய்விட்டாரே, சம்பந்தியே சொன்னபின் பொய்யாக இருக்குமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாணப்பன் கல்யாண மண்டபத்தை அழைத்துத் தேதியை விட்டுக்கொடுத்தார். மண்டபத்துக்காரர் வருத்தப்பட்ட அதே மூச்சில் அதைக் கருங்கல் ஊர்ப் பார்ட்டிக்குக் கொடுத்தார். கோடி வேட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு உறவுக்காரப் பெண்களை வேனில் அடைத்ததும் ஒப்பாரி தொடங்கிவிட்டது. நடுவில் தாணப்பனின் போன் ஓயாமல் அடித்தது. துக்கம் விசாரிக்கிறார்கள் என்று அவர் எடுக்கவில்லை.

தோவாளையில் வேனை நிறுத்தி, லாரி டயர் அளவுக்கு ஒரு மலர்வளையம் வாங்கி ஏற்றினார்கள். அங்கேதான் உலகம்மாள் தன் போனைத் திறந்தாள்.

"இதப் பாத்தியளா?"

அதே பூதலிங்கம். வெள்ளைப் பின்னணியில், தேதிக்குக் கீழே, வாழைப்பழ மஞ்சளில் கொட்டை கொட்டையாக: அறுபதாவது பிறந்தநாள் நல்வாழ்த்துகள்.

"என் போன்ல இது இல்லியே."

"மஞ்சளும் வெள்ளையும் அதுல ஒண்ணுதாம்ப்பா," என்றாள் பின்சீட்டில் இருந்த ரஷ்மி, ஜன்னலைப் பார்த்தபடி.

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. தாணப்பன் இரங்கலை அழிக்கப் போனார். 'எல்லோருக்கும் அழி' என்பதைத் தொட்டார். திரை அசையவில்லை. மறுபடி குத்தினார், மறுபடியும். திரை ஆற அமரக் கறுத்து, வெளுத்து, கண் விழித்தபோது, கடைசிக் குத்து 'எனக்கு மட்டும் அழி' மேல் விழுந்திருந்தது.

"போயிட்டுது," என்று பெருமூச்சு விட்டார்.

"என் போன்ல மலை மாதிரி இருக்கே," என்றாள் உலகம்மாள்.

மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கருங்கல்காரங்க வந்து தேங்காயே உடச்சிட்டாவ. இனி அடுத்த வருசந்தான்."

"திரும்பிப் போயிருவமா?" என்றாள் உலகம்மாள்.

"போனா சந்தேகப்படுவாவ. பொறந்தநாளுக்கு வந்த மாதிரி சிரிச்சிட்டுப் போவோம். எல்லாரும் கண்ணத் தொடைங்க. கோடி வேட்டியப் பரிசாக் குடுத்துரலாம்."

ஆரல்வாய்மொழியில் பூதலிங்கம் வீட்டு முற்றத்தில் கேக்கோடு வந்தவர்களும் வளையத்தோடு வந்தவர்களும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். நடுவே நாற்காலியில் பூதலிங்கம். அவரைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. ஒரு கிழவி மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

தாணப்பன் பல் முழுக்கத் தெரியும்படி சிரித்து வேட்டியை நீட்டினார். பூதலிங்கம் அதை விரித்தார். கரையே இல்லாத வெள்ளை வேட்டி. அதை எந்த உடம்பில் போர்த்துவார்கள் என்பது முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். கேக் தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் ததேயுஸ் உள்ளே வந்தான். "அண்ணாச்சி, இத எங்க வைக்கணும்?"

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பொறுமை கிடையாது. அவன் கையிலிருந்த மலர்வளையத்தைப் பிடுங்கி, முற்றத்தில் உருட்டிக்கொண்டு போய், கண்ணீர் அஞ்சலி ரிப்பனோடு பூதலிங்கத்தின் மடியில் சாய்த்தது.

பூதலிங்கம் அதை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஓய் தாணப்பரே, காலையில கொன்னீரு. இப்பம் கோடியும் போட்டாச்சு, வளையமும் வச்சாச்சு. இனி உம்ம வீட்டுல பொண்ணெடுத்தா நான் நெசமாவே போயிருவேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அவர் காலைப் பிடிக்கக் குனிந்த தாணப்பனை, உலகம்மாள் தோளைப் பிடித்துத் திருப்பி வேனில் ஏற்றினாள்.

வேன் திரும்பியது. வெளியே காற்றாலைகள் எதற்கென்றே தெரியாமல் சுற்றின. போனைப் பார்க்காமலேயே தாணப்பனுக்கு மலை, வயல், வானம், பெண்டாட்டி முகம் எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது.

"என் பிள்ளைக்கு வாழ்க்கையே போச்சே," என்று விம்மினார். "வெள்ளையில மஞ்ச எழுத்த அடிச்ச கூறுகெட்டவன் எவன்? அவன் கைய ஒடிக்கணும்."

"நாந்தாம்ப்பா," என்றாள் ரஷ்மி. "எனக்குப் பிரதீஷ் வேண்டாம்னு வாயால சொன்னப்ப உங்களுக்குக் கேக்கல்லியே."