மரமல்லிதான் மூத்தாள்

பெண் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் எந்த ஆண்பிள்ளையையும் வெளியே அனுப்பக்கூடாது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். மயிலாப்பூரில் வசந்தாவைப் பார்த்துவிட்டு வந்த நான் அப்படித்தான் மேற்கு மாம்பலத்தில் மிதந்துகொண்டிருந்தேன். (மழைக்காலத்தில் அங்கே எல்லோரும் மிதப்போம்; இது கோடை.) பெண் வீட்டில் இன்னும் பதில் வரவில்லை. வெளியூர் போயிருந்த தாய்மாமா திரும்பி வந்து, பையனை விசாரித்துச் சரி என்றால்தான் தாம்பூலம்.

அந்த நேரம் பார்த்து, உதவி டைரக்டராக இருந்த நண்பன் கூப்பிட்டான். மனநல ஆஸ்பத்திரியில் நடக்கும் சோகப் படம். அடையாறில் ஒரு பழைய பங்களா வாசலில் ஆஸ்பத்திரி போர்டு மாட்டியிருந்தார்கள். எனக்கு நோயாளி வேஷம். கதாநாயகி அழுதுகொண்டே போகையில், பின்னால் நான் மரமல்லி மரத்தோடு பேசிச் சிரிக்க வேண்டும்.

"மரத்தைக் காதலியா நினைச்சுக்கோ" என்றான் நண்பன். எனக்குச் சொல்லவா வேண்டும்?

மதியம் எல்லோரும் கேமராவோடு பின்பக்கம் சாப்பிடப் போனார்கள். நான் ஒத்திகையை விடவில்லை. ஆற்றுக்காற்றில் பூக்கள் ஒவ்வொன்றாக என் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தன. பசியே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

கேட்டருகே யாரோ மாம்பலத்துப் பையனை விசாரிக்கும் குரல் கேட்டது.

"மரத்தாண்ட பேசிகினு கீதே, அதான் சார்" என்றார் காவல்காரர்.

குடுமியோடு ஒரு பெரியவர் வந்தார். இவரும் வேஷக்காரர்தான் என்று நினைத்தேன்.

"யாரோடப்பா பேசிண்டிருக்கே?" என்று மிருதுவாகக் கேட்டார்.

ஒத்திகைக்கு ஆள் கிடைத்துவிட்டது. "என் ஆத்துக்காரி. கல்யாணமாகி ரொம்ப நாளாச்சு. வாய் திறக்கமாட்டா, பூவா உதிர்ப்பா."

"குழந்தைகள்?"

"கிளையில தூங்கறதுகள். மெதுவாப் பேசுங்கோ."

மெதுவாகத்தான் திரும்பி நடந்தார். கேட்டைத் தாண்டியதும் ஓடினார். நம் நடிப்பு அப்படி, என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் தரகர் வந்து சொன்னார்: "பையனுக்குச் சித்தமும் சரியில்லையாம், மூத்தாளும் இருக்காளாம்."

"ஆபீஸ் வேலைன்னு சொன்னியேடா. பொண்ணோட மாமா வந்து கேட்டப்போ நான்தானே அந்த விலாசத்தைக் குடுத்தேன்" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மயிலாப்பூருக்கு ஓடி உண்மையைச் சொன்னேன். "எந்தப் பைத்தியம் தன்னைப் பைத்தியம்னு ஒத்துண்டிருக்கு?" என்று மாமா கதவைச் சாத்தினார். வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

வசந்தா மட்டும் நம்பினாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, படம் வந்ததும் (ஓடியது ஒரே வாரம்) மாமாவைக் கையோடு தியேட்டருக்கு இழுத்துப்போனாள். கதாநாயகி கதறிய காட்சியில் இரண்டு பேர் மட்டும் சிரித்தார்களாம். அடுத்த முகூர்த்தத்தில் எங்கள் கல்யாணம்.

இப்போதும் வாசல் மரத்தடியில் நான் சற்று நின்றால் போதும், உள்ளேயிருந்து வசந்தா குரல் கொடுப்பாள்:

"மூத்தாளோட பேசி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்கோ. குழந்தைகளை எழுப்பிடாதேங்கோ."