மீசைக்காரரின் பச்சைக் கரை வேட்டி

பெங்களூர் முழுவதும் தேடினாலும், தன் முகத்தையே கேரண்டியாகக் கொடுத்த மெக்கானிக் ஒருவர்தான் கிடைத்திருப்பார். அடுகோடியில் ஷெட் வைத்திருந்த அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. கன்னம் கடந்து காதுவரை முறுக்கி நின்ற அந்த மீசையைப் பார்த்த பிறகு பெயர் அநாவசியம்.

ஆயில் ஒழுகும் கார் தவிர வேறெதையும் தொடமாட்டார். என்ஜின் தலைமேல் இருக்கும் கவரைக் கழற்றி, ஆயில் கசியாமல் அடைக்கும் நைந்த கேஸ்கெட்டை மாற்றி, கவரைத் திரும்ப மாட்டி போல்ட்டுகளை முடுக்குவார்.

"இனிமே ஒரு சொட்டு விழுந்தா மீசைய எடுத்துர்றேன் சார்."

அதோடு விடமாட்டார். சலவை செய்த தன் பச்சைக் கரை வேட்டியை உதறி என்ஜினுக்குக் கீழே விரிப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, "ஸ்வல்ப இருங்க" என்று எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து வேட்டியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சாயங்காலம் அதையே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கல்யாண வீட்டுக்கும் அதேதான்.

ஒருமுறை, முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர் ஒன்றை வாங்கிப் போனேன்.

"இது எதுக்கு சார்? நீங்க சோறு பிசையறப்போ தராசு வெச்சுக்கறீங்களா?"

அடுத்த முறை போனபோது, அந்த ஸ்பேனர் சுவரில் இருந்தது. அதில் அவர் குடை தொங்கியது.

அந்தக் கைக்குத்தான் வாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மீசை பழையபடி நின்றது, வலது கை நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவார். போல்ட் இறுகிவிட்டதாக நினைத்துப் பாதியில் விட்டுவிடுவார். விரல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜோகுபாளையத்திலிருந்து பழைய காரில் வரும் டீச்சரம்மாதான் முதலில் பார்த்தார். மீசைக்காரர் டீக்கடையில் இருந்தார், ஷெட்டில் நானும் அந்த அம்மாளும்தான். வேட்டியில் கறுப்பாக ஒரு பொட்டு.

"சார், சொட்டுது!"

"பார்த்தேன் மேடம்" என்றேன்.

"மீசையும் போயிட்டா அந்த மனுஷங்கிட்ட என்னங்க மிச்சம் இருக்கும்?"

மூட்டுவலியால் மாடிப்படி ஏறாத அந்த அம்மாள் ஜவுளிக்கடைக்கு ஓடினார். அதே பச்சைக் கரையில் புது வேட்டி காருக்குக் கீழே போனது, கறை வேட்டி அவர் டிக்கிக்குள் போனது. மீசைக்காரர் வந்து உருவிப் பார்த்தார்.

"கை போனாலும் தொழில் போகல, பாத்தீங்களா!"

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் பச்சைக் கரை வேட்டியோடு வந்தோம். டீக்கடைக்காரர் எங்களுக்கு அவகாசம் தருவதற்காக டீயை ஐஸ்கிரீம் ஆகும்வரை ஆற்றினார். ஒழுகும் கார்களில் வீடு திரும்பினோம். அடுகோடியிலேயே தினம் புது வேட்டி கட்டியவர் மீசைக்காரர்தான்.

என் காரின் முறை வந்த அன்று ஜவுளிக்கடையில் பச்சைக் கரை தீர்ந்திருந்தது. நீலக் கரையை வாங்கி விரித்தேன். அவர் உருவினார், வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கறை இல்லை. கட்டைவிரலால் கரையை மெதுவாகத் தடவினார். நானும் டீச்சரம்மாவும் சாலையில் போன பஸ்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்தோம். அவர் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஷெட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன முகம், வெளுத்த மேலுதடு.

டீச்சரம்மாதான் சமாளித்தார். "என்னங்க, வேண்டுதலா?"

"ஆமா டீச்சரம்மா. திருப்பதி."

"தலமுடி அப்பிடியே இருக்கே?"

"மீச மட்டும் போதும்னுட்டாரு சாமி."

மீசைக்காரர் உள்ளே போய் என்னை மட்டும் கூப்பிட்டார். "வீட்ல தேடிப் பார்த்தேன் சார். மொத வேட்டியக் காணோம். அது மாமனார் குடுத்தது. டீச்சரம்மா டிக்கியில இருந்தா குடுக்கச் சொல்லுங்க. தொவைக்க வேணாம்."

டீச்சரம்மா அழுதுகொண்டே துவைத்துத்தான் கொடுத்தார். கறை போகவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மீசைக்காரர் கண்ணை மூடிவிட்டார். மீசை பாதி வளர்ந்திருந்தது.

என் கார் இன்னும் சொட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் கவரைக் கழற்றிப் புது கேஸ்கெட் போட வேண்டும் என்கிறார்கள். நான் ஆயில் குறையும்போது ஊற்றிக்கொள்கிறேன். அந்தப் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கியது அவர் கை. அவற்றின்மேல் ஸ்பேனர் வைக்க இன்னும் யாரையும் விடவில்லை.